எந்தப் பக்கம் நின்றால் இடது? மாடிப்படி அக்காவுக்கு எங்கள் மடல்

மேலறையின் பேச்சைக் கீழறைக்கும் கீழறையின் முணுமுணுப்பை மேலறைக்கும் சிந்தாமல் சிதறாமல் கொண்டு சேர்த்தவரே! ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நின்ற இரண்டு மென்பொருள்களுக்கு இடையில் அமர்ந்து, இரண்டுக்கும் இணக்கம் பேசியவரே! படிக்கட்டு திரும்பும் இடத்தில், சன்னலும் இல்லாத, மின்விசிறியும் ஒழுங்காகச் சுற்றாத, ஒரு மேசைக்கு மேல் கொள்ளாத மூலையிலிருந்து எங்கள் அத்தனை பேரையும் ஆண்டவரே! எங்கள் மாடிப்படி அக்கா அவர்களே! நீங்கள் பணி ஓய்வு பெறும் இந்நாளில் மேலறையும் கீழறையும் ஒரே குரலில் சொல்லும் வணக்கம்.

ஒரே குரலில் என்று எழுதும்போதே எங்களுக்குச் சிரிப்பு வருகிறது. இந்த மடலின் முதல் வரியை எந்த அறை எழுதுவது என்பதற்கே பெரிய தகராறு நடந்தது. இன்னொரு சிக்கலும் இருந்தது. உங்களைப் பற்றி உங்கள் முகத்துக்கு நேரே யாராவது இரண்டு வாக்கியம் சொன்னால், மூன்றாவது வாக்கியத்துக்குள் கையை உயர்த்தித் திருத்தத் தொடங்கிவிடுவீர்கள். ஆகவே, யாரோ ஓர் அக்காவைப் பற்றிச் சொல்வதுபோல் சொல்லிவிடுகிறோம். அது வேறு யாரோ என்று நினைத்துக்கொண்டு அமைதியாகக் கேளுங்கள். முடிவில் உங்களிடம் திரும்பி வருவோம்.

அந்த அக்கா வேலைக்குச் சேர்ந்த சமயத்தில்தான், மின்னணு போர்டுகளை வடிவமைத்துக் கொடுக்கும் இரண்டு சிறு கம்பெனிகள் ஒன்றாக இணைந்து இந்தக் கட்டடத்துக்குக் குடிவந்தன. ஒன்று மாடிக்கு ஏறிற்று, மற்றது கீழேயே தங்கிற்று. மேலறையில் சர்க்யூட் வரைவார்கள். எந்த உறுப்பு போர்டில் எங்கே உட்கார வேண்டும் என்று முடிவு செய்வார்கள். கீழறையில் அந்த உறுப்புகளைச் செம்புக் கோடுகளால் இணைத்து, போர்டு செய்யும் தொழிற்சாலைக்கு அனுப்புவார்கள். இவர்கள் விட்ட இடத்தில் அவர்கள் தொடங்க வேண்டும். ஆனால் மேலறையின் மென்பொருள் எழுதுவது கீழறையின் மென்பொருளுக்குச் சுத்தமாகப் புரியாது.

ஒரு மென்பொருளில் வரைந்ததை இன்னொரு மென்பொருள் படிக்க வேண்டுமானால் இரண்டுக்கும் பொதுவாக ஓர் எழுத்துமுறை வேண்டும். அதைத்தான் ஃபார்மட் என்கிறோம். பொது என்று பெயரே தவிர, அப்படி இரண்டு இருந்தன. பல கம்பெனிகள் கூடிச் சங்கம் வைத்து, வருடக்கணக்கில் வாதாடி உருவாக்கியது சங்கத்து ஃபார்மட். அது மேலறையின் வேதம். பெரிய கம்பெனி ஒன்று யாரையும் கேட்காமல் தானே எழுதி, தன் மென்பொருளோடு சேர்த்து உலகமெங்கும் பரப்பியது கம்பெனி ஃபார்மட். அது கீழறையின் வேதம். முன்னதில் எதை வேண்டுமானாலும் சொல்லலாம். சொல்லி முடிக்கத்தான் பொழுது போதாது. பின்னதில் சட்டென்று சொல்லிவிடலாம். சொல்லாமல் விட்டது என்ன என்று கேட்கத்தான் நாதி கிடையாது.

சங்கத்து ஃபார்மட்டுக்குத் தலையணைப் பருமனில் ஒரு விதிப் புத்தகம் உண்டு. மேலறைத் தலைவர் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டுதான் எங்கும் நடமாடுவார். மணி என்ன என்று கேட்டால்கூடப் புத்தகத்தைப் புரட்டிவிட்டுச் சொல்லக்கூடியவர். அவரைத் தலையணை சார் என்று அழைத்தோம். அவர் காதுபடவே அழைத்தோம், அவரும் கோபித்துக்கொள்ளவில்லை. கீழறைத் தலைவர் வேறு யாருமல்ல, அக்காவின் வீட்டுக்காரர். அக்கா வீட்டுக்காரர் என்பதால் எங்கள் எல்லோருக்கும் அவர் மாமா. காலையில் இருவரும் ஒரே பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். மாமா இடப்பக்கம் கதவைத் தள்ளிக்கொண்டு கீழறைக்குப் போவார், அக்கா பாதிப் படி ஏறித் தன் மூலையில் உட்காருவார். அந்த நிமிடத்திலிருந்து அவர்கள் கணவன் மனைவி இல்லை. மாமா ஏதாவது சலுகை கேட்டு மேலே வந்தால், வரிசையில் நிற்கச் சொல்லிவிடுவார்.

ஒரு ஃபார்மட்டை இன்னொன்றாக மாற்றும் புரோகிராம் அக்காவின் கைவேலை. அது சரியாக மாற்றியதா என்று பார்க்க அவரே ஒரு வழக்கத்தை ஏற்படுத்தினார். மேலறை டிசைனைக் கீழறை ஃபார்மட்டுக்கு மாற்றுவது, அதை அப்படியே மறுபடி மேலறை ஃபார்மட்டுக்குத் திருப்புவது. போகும் முன் இருந்ததையும் போய் வந்ததையும் ஒளி ஊடுருவும் தாளில் அச்சடித்து, அடியில் விளக்கெரியும் கண்ணாடி மேசையில் ஒன்றின்மேல் ஒன்று வைப்பது. ஒரு கோடும் இரட்டிக்கவில்லை என்றால் டிசைன் தேறியது. "போய் வந்தாச்சா?" என்பதே இந்த அலுவலகத்தில் நலம் விசாரிக்கும் முறையாகிவிட்டது. மேலறையும் கீழறையும் மனமொத்து ஏற்றுக்கொண்ட ஒரே விஷயம் அதுதான். வீட்டிலும் அதே கதைதான் என்பார் மாமா. கடைக்கு அனுப்பும்போது வாங்க வேண்டியதைச் சொல்லி, திருப்பிச் சொல்லச் சொல்லி, அதன் பிறகுதான் பையைக் கையில் கொடுப்பாராம்.

அக்காவுக்கு அந்த வழக்கத்தில் பெருமை உண்டு. பெருமை என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை, ஆனால் அந்தக் கண்ணாடி மேசையை வேறு யாரையும் துடைக்க விடமாட்டார்.

இப்படி நாள் ஓடிக்கொண்டிருக்கையில், இரண்டு மென்பொருளுக்கும் சந்தா கட்டி மாளவில்லை, ஒன்றுதான் இருக்க வேண்டும் என்று பொது மேலாளர் அறிவித்தார். எந்த ஃபார்மட் வெல்கிறதோ அந்த அறையின் தலைவர் இரண்டு அறைகளுக்கும் தலைவர். தோற்ற அறையில் புது மென்பொருளைப் பழகிக்கொள்ள முடிந்தவர்கள் இருக்கலாம், முடியாதவர்கள் வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம் என்று பேச்சு அடிபட்டது. எது நல்லது என்று யார் சொல்வது? மேலறை கீழறையை நம்பாது, கீழறை மேலறையை நம்பாது. இருவரும் நம்பியது அக்காவின் கண்ணாடி மேசையை மட்டும்தான். ஆகவே பரீட்சை அக்காவின் தலையில் விழுந்தது.

நோயாளியின் உடலில் மருந்தைச் சொட்டுச் சொட்டாகச் செலுத்தும் பம்ப் ஒன்றுக்கான போர்டு அப்போது கையில் இருந்தது. கம்பெனி ஃபார்மட்டில் போன டிசைன் அப்பழுக்கில்லாமல் திரும்பி வந்தது. சங்கத்து ஃபார்மட்டில் போனது சில குறிப்புகளைத் தொலைத்துவிட்டு, கூடவே திரையில் ஒரு கேள்வியையும் கேட்டுக்கொண்டு வந்தது. அடிப்பக்கத்து உறுப்புகளை எந்தப் பக்கத்திலிருந்து பார்ப்பது என்பது அந்தக் கேள்வி. வழக்கமான தொணதொணப்பு என்று கீழறை சிரித்தது. அக்காவும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு தாளையும் விளக்கின்மேல் வைத்துப் பார்த்து, தேறியதைத் தேறியது என்றும் தவறியதைத் தவறியது என்றும் எழுதிக் கொடுத்தார். வாரக் கடைசிக் கூட்டத்தில் கையெழுத்தாக வேண்டியதுதான் பாக்கி. தலையணை சார் கக்கத்துப் புத்தகத்தை முதல்முறையாக மேசைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். மாமாவோ கீழறைக்காரர்களிடம் யாருக்கும் வேலை போகாது என்று வாக்குக் கொடுத்துவிட்டு, அன்று மாலை வீட்டில் பாட்டுப் பாடிக்கொண்டே பாத்திரம் கழுவினார்.

வீட்டுக் கதை எங்களுக்கு எப்படித் தெரியும் என்று யாரும் முறைக்க வேண்டாம். முன்வரிசையில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு தரையைப் பார்த்துச் சிரிப்பவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கூட்டத்துக்கு முந்தைய நாள் காலை. அக்கா வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். எதிரே நின்ற மாமா, இடது காதுத் தோட்டின் திருகு கழன்றிருப்பதாகச் சொன்னார். அக்கா கையை உயர்த்தித் தன் வலது காதுத் தோட்டைத் திருகினார். திருகு இறுகியது. மாமா கதவைப் பூட்டப் போனார். அக்கா அங்கேயே நின்றுவிட்டார்.

"எந்தக் காதுன்னு சொன்னீங்க?"

"இடதுன்னு சொன்னேன்."

"நான் வலதைத்தானே திருகினேன்."

"சரியாத்தானே திருகின? கிளம்பு, பஸ் போயிடும்."

மாமா எப்போதும் அப்படித்தான். எதிரே நின்றுகொண்டு தன் இடதைத்தான் இடது என்பார். அக்காவும் கல்யாணமான புதிதிலேயே அதைப் பழகிக்கொண்டு, அவர் இடது என்றால் வலதைத் தொடுவார். இவர் தப்பாகச் சொல்ல, அவர் தப்பாகப் புரிந்துகொள்ள, தோடு மட்டும் சரியாக இறுகிவிடும். அன்று பஸ்ஸில் சங்கத்து ஃபார்மட் கேட்ட கேள்வி அக்காவின் மண்டைக்குள் குடைந்துகொண்டிருந்தது.

விஷயம் இதுதான். போர்டின் அடிப்பக்கத்தில் இருக்கும் உறுப்பை இரண்டு விதமாகச் சொல்லலாம். போர்டு கண்ணாடியால் ஆனது என்று பாவித்து, மேலிருந்தே ஊடுருவிப் பார்த்துச் சொல்லலாம். அல்லது போர்டைப் புரட்டிப் போட்டுவிட்டுப் பார்த்துச் சொல்லலாம். அங்கே இடதாக இருப்பது இங்கே வலது. கீழறை முதல் வழியில் போயிற்று, மேலறை இரண்டாம் வழியில் போயிற்று. அக்காவின் புரோகிராம் அதைக் கேட்டுக்கொள்ளாமல், உறுப்புகளின் இடத்தைக் குறிக்கும் எண்களை அப்படியே தூக்கி அந்தப் பக்கம் போட்டுவிட்டது. போகும்போது இடம் வலமானது. வரும்போது அதே புரோகிராம் அதே தப்பைத் திரும்பச் செய்ய, வலம் இடமானது. கண்ணாடி மேசையில் ஒரு கோடும் இரட்டிக்கவில்லை. அதுவரை செய்த போர்டுகளில் உறுப்புகள் மேல்பக்கத்தில் மட்டுமே இருந்ததால் ஒன்றும் வெளியே தெரியவில்லை. அடிப்பக்கத்திலும் உறுப்பு வைத்த முதல் போர்டு அந்த பம்புக்கானதுதான்.

அக்கா அன்று காலை செய்தது ஒரே ஒரு காரியம். டிசைனைப் போகும் வழியில் மட்டும் மாற்றி, திருப்பாமல், போர்டு தொழிற்சாலையில் இருக்கும் முன்பின் தெரியாத ஒரு பரிசோதகருக்கு அனுப்பினார். அடியில் இருக்கும், மோட்டார் வயரைச் செருகும் கனெக்டர் எந்தத் திசையைப் பார்க்கிறது என்று மட்டும் கேட்டார். மதியம் பதில் வந்தது. கனெக்டர் இடம் வலமாகத் திரும்பியிருந்தது. அப்படியே போர்டு செய்திருந்தால் மோட்டாருக்குப் போக வேண்டிய மின்சாரம் அலாரத்துக்குப் போயிருக்கும். நோயாளிக்கு மருந்து போயிருக்காது.

அன்று நினைத்ததைப் பிறகு அவரே எங்களிடம் சொன்னார். புரோகிராமில் பிழை இருந்தால் திருத்திவிடலாம், அது அவருக்குப் பெரிய விஷயமல்ல. எது பிழை என்று காட்ட வேண்டிய மேசையே பிழையை மூடிக் காட்டியதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. அந்த மேசையை நம்பித்தான் இரண்டு அறைகளும் தங்கள் பிழைப்பை அவர் கையில் கொடுத்திருந்தன. அதில் ஒன்று சொந்த வீட்டுக்காரரின் அறை.

மாலை பஸ்ஸில் மாமாவிடம் சொன்னார்.

"தப்பு உன் புரோகிராம்ல. என் ஃபார்மட்ல இல்லையே," என்றார் மாமா.

"இல்லதான். ரெண்டு ஃபார்மட்டும் அதது வழியில சரி. பரீட்சை தப்பு. தப்பான பரீட்சையில நீங்க பாஸாயிட்டீங்க."

"புரோகிராமைத் திருத்திட்டுச் சும்மா இருந்தா போர்டு சரியா வந்துடும். கூட்டத்துல சொல்லித்தான் ஆகணுமா? கீழ இருக்கிற பசங்களுக்கு வாக்குக் கொடுத்திருக்கேன்."

நிறுத்தத்தில் இறங்கி, அவர் முன்னாலும் இவர் பின்னாலுமாக நடந்து வீட்டுக்குப் போனார்கள். அன்று பாத்திரத்தை அக்காதான் கழுவினார்.

மறுநாள் கூட்டம். பொது மேலாளர் பேனாவைத் திறந்து வைத்திருந்தார். அக்கா எழுந்து, தன் பரீட்சை செல்லாது, அதை நம்பிக் கையெழுத்துப் போட வேண்டாம் என்றார். போகும்போது செய்த தப்பு வரும்போது மறைந்துவிடுகிறது என்று விளக்கினார். தலையணை சார் துள்ளி எழுந்து, அந்தக் கேள்வியைத் தன் ஃபார்மட் முன்பே கேட்டதே என்று புத்தகத்தைப் புரட்டினார். புரட்டிய பக்கத்தில், எந்தப் பக்கத்திலிருந்து பார்ப்பது என்பதைக் குறிப்பது நல்லது, ஆனால் கட்டாயமல்ல என்று இருந்தது. சங்கத்தில் கூடியவர்களுக்குள் உடன்பாடு வராததால் இரண்டு விதமும் செல்லும் என்று எழுதி வைத்திருந்தார்கள். கட்டாயமில்லை என்பதால் மேலறையில் ஒருவரும் அந்த இடத்தை நிரப்பியதே இல்லை. தலையணை சார் மெல்ல உட்கார்ந்தார்.

பொது மேலாளருக்குப் பொறுமை போய்விட்டது. போனது போனபடி திரும்பி வந்திருக்கிறது, அப்புறம் என்ன குறை என்று கேட்டார். அக்கா மறுபடி விளக்கினார். அவருக்கு மறுபடியும் புரியவில்லை. சின்ன விஷயம்தானே, தொழிற்சாலைக்குப் போனில் சொல்லிக்கொள்ளலாம் என்று பேனாவைத் தாளருகே கொண்டு போனார். கீழறைக்காரர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஆமாம், இந்த வரியை எழுதுவது கீழறை.

அப்போதுதான் மாமா எழுந்தார். பொது மேலாளருக்கு நேர் எதிரே போய் நின்றார்.

"சார், உங்க இடது தோள்ல நூல் ஒட்டியிருக்கு."

பொது மேலாளர் இடது தோளைத் தட்டினார். நூல் வலது தோளில் அப்படியே இருந்தது.

"இன்னும் இருக்கு சார்."

மறுபடி இடது தோளைத் தட்டினார். நூல் நகரவில்லை.

"நான் என் இடதைச் சொன்னேன் சார்," என்றார் மாமா. "கல்யாணம் ஆனதுலேர்ந்து நான் இப்படித்தான் சொல்றேன். என் வீட்டுக்காரிக்குப் புரியும், அவ சரியாத் தொட்டுடுவா. எங்க ரெண்டு பேருக்குள்ள எத்தனை தடவை போய் வந்தாலும் சரியாத்தான் வரும். நீங்க வெளியாள். உங்களுக்குத் தப்பா வருது. தொழிற்சாலையும் வெளியாள்தான் சார். கையெழுத்துப் போடாதீங்க."

பொது மேலாளர் வலது தோளிலிருந்து நூலை எடுத்துப் பார்த்தார். பேனாவை மூடினார். அந்த நூல் உண்மையிலேயே அங்கே ஒட்டியிருந்ததா, மாமா கைவரிசையா என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. அக்கா அன்று கூட்டத்தில் அழுதார். அதை மறைக்கவும் இல்லை.

அதன் பிறகு ஒன்றும் அதிசயம் நடந்துவிடவில்லை. எந்த ஃபார்மட்டும் வெல்லவில்லை. இரண்டு மென்பொருளுக்கும் இன்னும் சந்தா கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். கொஞ்ச காலத்தில், சண்டையைத் தீர்த்து வைக்கிறோம் என்று வேறு சிலர் கூடிப் பொதுவாக ஒரு புது ஃபார்மட்டை வெளியிட்டார்கள். இரண்டு மூன்றானது, அக்காவுக்கு வேலை கூடியது. யாருக்கும் வேலை போகவில்லை. இரண்டு அறைகளுக்கும் பொதுவான தலைவர் பதவி மட்டும் மாமாவுக்குக் கிடைக்கவில்லை. வெளியிலிருந்து ஒருவரைக் கொண்டு வந்தார்கள். அவர்தான் இப்போது இந்த மடலை உங்கள் முன் வாசித்துக்கொண்டிருப்பவர். இந்த வரியில் அவர் குரல் கொஞ்சம் தடுமாறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாறியது அந்த வழக்கம்தான். போய் வந்தாச்சா என்று இப்போது யாரும் கேட்பதில்லை. வெளியாள் பார்த்தாச்சா என்று கேட்கிறோம். அனுப்பியவரும் பெறுபவரும் அல்லாத, நம் பேச்சுவழக்கம் தெரியாத ஒருவர் படித்து, நாம் நினைத்ததையே அவரும் சொன்னால்தான் டிசைன் தேறியது. கண்ணாடி மேசையை அக்கா தூக்கிப் போடவில்லை. அதன்மேல் செடித்தொட்டி வைத்திருக்கிறார். அடியில் விளக்கு எரிவதால் செடி நன்றாக வளர்கிறது.

மாடிப்படி அக்கா அவர்களே! சொன்னபடி உங்களிடம் திரும்பி வந்துவிட்டோம்.

உங்கள் பொறுமையை, உழைப்பை, மூன்று ஃபார்மட்டையும் மனப்பாடமாக வைத்திருந்த நினைவாற்றலை அடுக்கடுக்காகப் புகழத்தான் முதலில் எண்ணினோம். அவையெல்லாம் உண்மைதான். ஆனாலும் நீங்கள் இல்லாத நாளை நினைக்கும்போது எங்களுக்கு முன்னே வந்து நிற்பது, சொந்த மேசையைச் செல்லாது என்று சொல்ல எழுந்து நின்ற உங்கள் உருவம்தான். நீங்கள் போவதில் எங்களுக்கு மிகுந்த வருத்தம். அதைச் சுற்றி வளைத்துச் சொல்லத் தெரியவில்லை.

இனி உங்கள் காலைகளில் பஸ்ஸுக்கு ஓட வேண்டியதில்லை. தோட்டைத் திருகிக்கொள்ள நேரம் தாராளமாக உண்டு. அன்றைய கூட்டத்துக்குப் பிறகு மாமா "உன் இடது" என்று சொல்லப் பழகிவிட்டாராம். அதனால் நீங்கள் தடுமாறி இன்னமும் தப்பான காதைத் தொடுகிறீர்களாம். உடல்நலமும் மனநலமும் குன்றாமல் நீங்கள் இருவரும் நெடுங்காலம் எதிரெதிரே நின்று இந்த வழக்கைத் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்று வாழ்த்துகிறோம்.

இந்த மடலையும் விதிப்படி பரிசோதித்தோம். எங்களுக்குள் படித்துக்கொண்டால் எல்லாம் சரியாகத்தான் தோன்றும் என்பதால், உங்களைப் பார்த்தே இராத, தொழிற்சாலையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் ஒரு பெண்மணிக்கு அனுப்பினோம். கதை முழுக்கப் புரிந்தது, அந்த அம்மாவை நேரில் பார்க்க வரலாமா என்று பதில் எழுதியிருந்தார். கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். மடல் தேறியது என்று முடிவு செய்து கையெழுத்திட்டோம்.

அன்பும் நன்றியும் மாறாத,
மேலறை, கீழறைப் பணித் தோழர்கள்

(கையெழுத்துகளில் இடப்பக்கம் இருப்பவை மேலறையினுடையவை, வலப்பக்கம் இருப்பவை கீழறையினுடையவை. இடம் என்றது, சட்டம் போட்டு உங்கள் வீட்டுச் சுவரில் மாட்டிய பின் எதிரே நின்று படிக்கும் உங்களின் இடம்.)